பளபளக்கும் தகரம் 19 டிகிரி காட்டுகிறது: தரைச் சூட்டை ஐ.ஆர். கன்னால் அளப்பது எப்படி?

மேட்டுக்காடு | மே 11, இரவு 8:15

எல்லோருக்கும் வணக்கம். கரூர் பக்கம் எனக்குக் கொஞ்சம் மானாவாரியும் ஒரு கிணற்றுப் பாசனமும் இருக்கிறது. இந்த வருடம் முருங்கைக் கன்றுகளுக்கு வைக்கோல் மூடாக்கு போட்டிருக்கிறேன். மூடாக்கு மண்ணை எவ்வளவு குளிர்விக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். கத்திரி வெயில் நடக்கிறது, அளக்க இதைவிடத் தோதான நாள் கிடைக்காது.

இன்று மதியம் 1:30 மணிக்கு எடுத்த அளவுகள் இவை. வெறும் செம்மண் தரை 58. வைக்கோல் மூடாக்கின் மேல் 60. வேப்பமரத்து நிழலில் 36. தண்ணீர் பாய்ந்த பாத்தி 34. மாட்டுக் கொட்டகையின் தகரக் கூரை 19.

இரண்டு இடத்தில் குழம்பிப் போனேன். மூடாக்கு போட்ட இடம் எப்படி வெறுந்தரையைவிடச் சூடாக இருக்கும்? அப்புறம் அந்தத் தகரம்! ஆறு மாதத்துக்கு முன்பு போட்ட புதுத் தகரம், கை வைத்தால் சுடுகிறது. கருவியோ 19 என்கிறது. நாலு முறை அளந்தேன், 18க்கும் 21க்கும் நடுவில்தான் நிற்கிறது. கருவி பழுதா, நான் அளந்த விதம் தப்பா?


கருவிக்கூடம் | மே 11, இரவு 9:02

கருவி பழுதில்லை. நான் ஒரு ஆலையில் 18 வருடமாகக் கருவிகள் பராமரிப்பில் இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வராத புதுப் பையன் ஒருவன்கூட இல்லை.

உங்கள் கன் தகரத்தின் சூட்டை நேராக உணர்வதில்லை. எந்தப் பொருளும் அதன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். அதில் 8 முதல் 14 மைக்ரான் வரை அலைநீளம் உள்ள கதிரை மட்டும் இந்தக் கருவி வாங்கி, அதை வைத்து வெப்பநிலையைக் கணக்குப் போடுகிறது. மண், கல், மரம், தார், தண்ணீர், நம் தோல் எல்லாம் அந்தக் கதிரைத் தாராளமாக விடும். முழுமையாக விடும் பொருளுக்கு 1 என்று வைத்தால் இவற்றுக்கெல்லாம் 0.9க்கு மேல் வரும். இதற்கு எமிசிவிட்டி என்று பெயர். விலை குறைந்த கருவிகள் எதைப் பார்த்தாலும் 0.95 என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடும்.

பளபளக்கும் துத்தநாகத் தகரத்துக்கு அது ஏறக்குறைய 0.25தான். அதாவது அது விட வேண்டிய கதிரில் கால் பங்கைத்தான் விடுகிறது. மீதி முக்கால் பங்குக்கு அது கண்ணாடி மாதிரி எதிரே இருப்பதைத் திருப்பி அனுப்புகிறது. மேலே பார்த்துக்கொண்டிருக்கும் தகரத்துக்கு எதிரே இருப்பது வானம். நீங்கள் அளந்தது முக்கால்வாசி வானத்தை.

நம்ப முடியாவிட்டால் நாளை மேகமில்லாத நேரத்தில் கன்னை வானத்தை நோக்கிப் பிடியுங்கள், சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டாம். அந்த வெயிலிலும் பூச்சியத்துக்குப் பக்கத்திலோ அதற்குக் கீழேயோ காட்டும். அப்புறம் தகரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நாலைந்து வரிசை அகலமாக ஒட்டி, பத்து நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளந்து பாருங்கள். டேப்பின் எமிசிவிட்டி 0.95 பக்கம் இருக்கும். தகரத்தின் உண்மையான சூடு தெரியும். கறுப்பு டேப் பக்கத்தில் இருக்கும் தகரத்தைவிட வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். ஒன்றிரண்டு டிகிரி ஏறலாம்.


செவ்வந்தி | மே 11, இரவு 9:30

நடுவில் ஒரு சந்தேகம். கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றியில் காட்டும் கன் வீட்டில் சும்மா கிடக்கிறது. மாடித் தோட்டத்தில் தொட்டி மண்ணை அதில் அளந்தால் "ஹெச்ஐ" என்று மட்டும் வருகிறது. செட்டிங் ஏதாவது மாற்ற வேண்டுமா?


கருவிக்கூடம் | மே 11, இரவு 9:41

அது உதவாது அம்மா. உடல் சூட்டுக்கென்று செய்த கருவி, 32இலிருந்து 43 வரைதான் காட்டும். அதற்கு மேல் போனால் "அதிகம்" என்பதைத்தான் அப்படிக் காட்டுகிறது. அந்த எல்லைக்குள் வந்தாலும் நம்ப முடியாது. நெற்றித் தோலின் சூட்டை வாங்கி, அதில் ஒரு கணக்கைச் சேர்த்து, உடலின் உள் சூடாக மாற்றிக் காட்டுகிறது அது. சில கருவிகளில் "சர்ஃபேஸ்" என்று தனியாக ஒரு நிலை உண்டு. அதில் போட்டால் அந்தக் கணக்கு விலகும், ஓரளவு பயன்படும்.


மொட்டைமாடி | மே 12, காலை 6:50

மேட்டுக்காடு அண்ணா, நீங்கள் இதைக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. இரண்டு கோடையாக எங்கள் வீட்டு மாடியில் இதே வேலையாகத்தான் இருக்கிறேன். பாதி மாடிக்குச் சுண்ணாம்பு அடித்து, பாதியை அப்படியே விட்டு, தினமும் அளந்து எழுதி வருகிறேன். நேற்று மதியம் 2 மணிக்கு வெறும் சிமெண்ட் தளம் 57, சுண்ணாம்புப் பக்கம் 43. படிக்கட்டு அறையின் மேல் பழைய தட்டோடு பதித்த பகுதி 54.

எமிசிவிட்டி பற்றிப் படித்தபோது எனக்கும் ஒரு பயம் வந்தது. வெள்ளைப் பரப்பு தகரம் மாதிரி ஏமாற்றுகிறதோ என்று. இரண்டு பக்கமும் டேப் ஒட்டிப் பார்த்தேன். டேப் கறுப்பாக இருப்பதால் வெயிலில் அதுவே சூடேறிவிடுகிறது. அதனால் டேப் ஒட்டிய இடங்களைச் சூரியன் மறைந்த பிறகு அளந்தேன். டேப்பிலும் சுண்ணாம்பிலும் ஒரே எண் வந்தது. ஆகவே வெள்ளை ஏமாற்றவில்லை. கண்ணுக்குத்தான் அது வெள்ளை. 8 முதல் 14 மைக்ரானில் சுண்ணாம்பும் பெயின்ட்டும் கிட்டத்தட்ட கறுப்புதான்.

எனக்கு நடந்த ஒரு தவறையும் சொல்கிறேன். முதல் வாரம் கன்னை ஏ.சி. அறையிலிருந்து எடுத்துக்கொண்டு நேராக மாடிக்கு ஓடுவேன். எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஒரு டம்ளரில் பொடித்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு நன்றாகக் கலக்கி, மிகப் பக்கத்தில் பிடித்து அளந்தேன். பூச்சியம் வர வேண்டிய இடத்தில் 4 வந்தது. கருவியை நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி அளந்தால் 0.6. கருவியின் உள்ளே இருக்கும் சென்சார் தன் சொந்தச் சூட்டோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போடுகிறதாம். உடம்பு குளிர்ந்தும் வெளிமுனை சூடாகவும் இருந்தால் அது தடுமாறும். அன்றிலிருந்து அரை மணி நேரம் முன்பே வெளி நிழலில் வைத்துவிடுகிறேன். அளக்கும்போதும் கருவியின் மேல் வெயில் படாமல் தொப்பியால் மறைத்துக்கொள்வேன்.


வரப்போரம் | மே 12, காலை 8:20

என் கருத்து வேறு. விவசாயத்துக்கு இந்தக் கன் எதற்கு? முருங்கை வேர் தரையின் மேல்தோலிலா இருக்கிறது? பயிருக்குத் தேவை ஐந்து, பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் சூடு. குத்தி அளக்கும் கம்பி தெர்மாமீட்டர் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வைக்கோல் 60 என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு நாலு பேர் மூடாக்கைப் பிரித்துப் போடப் போகிறார்கள். அதுதான் என் கவலை.


வான்நோக்கி | மே 12, காலை 10:05

வரப்போரம் ஐயா சொல்வதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். வானிலைத் துறையிலும் மண்ணுக்குள் தனி அளவு எடுப்பது இதற்காகத்தான். உலக வானிலை அமைப்பு சொல்லும் ஆழங்கள் 5, 10, 20, 50, 100 சென்டிமீட்டர். பகல் சூடு மண்ணுக்குள் இறங்க இறங்கத் தேய்ந்துகொண்டே போகும். அரை மீட்டருக்குக் கீழே இரவு பகல் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். நேரமும் தள்ளிப்போகும். மேல்தோல் 1:30க்கு உச்சம் தொட்டால் பத்து சென்டிமீட்டரில் உச்சம் மாலையில்தான் வரும்.

ஆனால் மேல்தோலை அளக்க வேண்டும் என்றால் கம்பி தெர்மாமீட்டரை வெயிலில் தரைமேல் படுக்க வைப்பது கன்னைவிட மோசம். கம்பியின் ஒரு பக்கம் மண்ணைத் தொடும், மறுபக்கம் காற்றிலும் வெயிலிலும் இருக்கும். வரும் எண் மண்ணுடையதும் இல்லை, காற்றுடையதும் இல்லை. மேல்தோலை அதைத் தொடாமல் அளப்பதுதான் சரி. அந்த வேலைக்குக் கன்தான் பொருத்தம்.

வைக்கோல் விஷயத்தில் கருவி பொய் சொல்லவில்லை, மேட்டுக்காடு. கருவி பார்ப்பது மேலே கிடக்கும் தாளை மட்டும். காய்ந்த வைக்கோலில் ஈரம் இல்லை, உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. வாங்கிய வெயிலைக் கீழே கடத்த வழியில்லாமல் மேல் தாள் மட்டும் காய்கிறது. மேலே 60 வருவதே கீழே சூடு போகவில்லை என்பதற்கு அடையாளம். வைக்கோலைச் சட்டென்று விலக்கி, ஐந்து நொடிக்குள் அடியில் உள்ள மண்ணை அளந்து சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்கள் செம்மண் 58 என்பதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 8 முதல் 9.5 மைக்ரான் வரை கதிரைச் சரியாக விடாது. மணற்பாங்கான காய்ந்த தரைக்கு எமிசிவிட்டி 0.90 பக்கம் வந்துவிடும். தரை உண்மையில் 60 என்று வையுங்கள். குறைகிற பத்து சதவீதத்தில் குளிர்ந்த வானம் பிரதிபலிக்கிறது. கருவியோ 0.95 என்று கணக்குப் போடுகிறது. தெளிந்த வானத்தின் கீழ் 56 பக்கம்தான் காட்டும். நாலு டிகிரி அங்கேயே போயிற்று. ஆற்று மணலை அளப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். களிமண்ணிலும் ஈர மண்ணிலும் இந்தத் தொல்லை குறைவு.

செயற்கைக்கோள்களுக்கும் இதே தலைவலி உண்டு. டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி தரையை அளப்பதும் இதே அகச்சிவப்பில்தான். ஈரானின் லூட் பாலைவனத்தில் 2005இல் 70.7 டிகிரி பதிவானது அப்படி அளந்ததுதான். அது தரையின் தோல். நாம் செய்தியில் கேட்கும் 40, 41 எல்லாம் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் அளந்த காற்றின் சூடு. 2022 ஏப்ரல் கடைசியில் வடமேற்கு இந்தியாவின் தரை 60ஐத் தாண்டியதாக ஐரோப்பாவின் சென்டினல்-3 செயற்கைக்கோள் படம் வந்தபோது, காற்றே 60 டிகிரி என்று பலர் பகிர்ந்துவிட்டார்கள். தரைக்கு 60 என்பது நம் ஊர்க் கோடையில் சாதாரணம். காற்று 60 தொட்டதாக உலகில் எங்கும் பதிவு இல்லை.


கல்பிரகாரம் | மே 12, மதியம் 12:40

எங்கள் ஊர்க் கோவிலில் தொண்டு செய்கிறேன். பிரகாரத்தில் பிள்ளைகள் கால் சுட்டு ஓடுவதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நானும் இந்தக் கன்னை வாங்கினேன். போன ஞாயிறு மதியம் 2 மணிக்குக் கருங்கல் தளம் 55. தேங்காய் நார் விரிப்பின் மேல் 61. வெள்ளைக் குளிர்ச்சிப் பெயின்ட் அடித்த நடைபாதை 42.

விரிப்பு 61 காட்டுகிறது, கல் 55 காட்டுகிறது. ஆனால் எல்லோரும் விரிப்பின் மேல்தான் நிம்மதியாக நடக்கிறார்கள். எண்ணை நம்பினால் விரிப்பை எடுக்க வேண்டும், காலை நம்பினால் போட வேண்டும். எதை நம்புவது?


கருவிக்கூடம் | மே 12, மதியம் 1:15

காலை நம்புங்கள். கன் சொல்வது தொடுவதற்கு முன்னால் இருக்கும் சூடு. தொட்ட பிறகு எவ்வளவு சூடு காலுக்குள் வருகிறது என்பது பொருளைப் பொறுத்தது. நார் விரிப்பில் சேமித்து வைத்த வெப்பம் கொஞ்சம், கடத்தும் வேகமும் கொஞ்சம். கால் பட்டவுடன் அந்த இடம் குளிர்ந்துவிடும். கருங்கல் அப்படி இல்லை. காலுக்குக் கொடுக்கக் கொடுக்க அடியிலிருந்து வெப்பம் ஏறி வந்துகொண்டே இருக்கும். தோலே 60ஐத் தொட்டுவிட்டால் சில நொடியில் புண்ணாகிவிடும், 44இல் அதற்கு மணிக்கணக்கில் ஆகும் என்பது மருத்துவத்தில் பழைய கணக்கு. கல்லில் நிற்கும் தோல் அந்தச் சூட்டை நோக்கி வேகமாகப் போகும். விரிப்பில் போகாது.

பெயின்ட் பாதையில் உங்களுக்கு உண்மையான லாபம் இருக்கிறது. அங்கே கல்லே குளிர்ந்திருக்கிறது. மாலை 7 மணிக்கு மூன்றையும் ஒரு முறை அளந்து பாருங்கள்.


கல்பிரகாரம் | மே 12, இரவு 7:35

அளந்துவிட்டேன். வெறும் கல் இன்னும் 41. பெயின்ட் பாதை 35. விரிப்பு 33. வெளியே தேரடி மண் 34. சாயரட்சை பூஜைக்கு வருகிறவர்கள் கல் இன்னும் காய்கிறது என்று சொல்வதற்குக் காரணம் புரிந்தது. நாளையே நிர்வாகத்தில் பேசுகிறேன். தெற்குப் பிரகாரம் முழுக்கப் பெயின்ட் நடைபாதை வேண்டும், விரிப்பை மாலையிலும் சுருட்டக் கூடாது.


செவ்வந்தி | மே 12, இரவு 8:10

ஒரு புதுக் கன் சொல்லியிருக்கிறேன். அட்டையில் 12:1 என்று போட்டிருக்கிறது. சிவப்புப் புள்ளி விழும் இடத்தைத்தான் அது அளக்குமா?


கருவிக்கூடம் | மே 12, இரவு 8:26

இல்லை, அது பலரும் சறுக்கும் இடம். லேசர் புள்ளி வெறும் சுட்டுவிரல்தான், அது எதையும் அளப்பதில்லை. 12:1 என்றால் 120 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து அளந்தால் 10 சென்டிமீட்டர் அகல வட்டத்தின் சராசரி வருகிறது என்று பொருள். நின்றுகொண்டு சிறு தொட்டி மண்ணை அளந்தால் தொட்டியின் விளிம்பும் பக்கத்துத் தரையும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். மேலிருந்து நேராகக் கீழ்நோக்கிப் பிடிப்பது நல்லது. மிகவும் சாய்த்தால் வட்டம் நீண்டுபோகும், பிரதிபலிப்பும் கூடும். உங்கள் நிழல் அளக்கும் இடத்தில் விழக் கூடாது. காய்ந்த மண்ணின் மேல்தோல் நிழல் பட்டவுடனே இறங்க ஆரம்பித்துவிடும்.


வான்நோக்கி | மே 12, இரவு 8:50

அதோடு காற்று. ஒரு வீச்சு வந்தால் மூன்று நாலு டிகிரி இறங்கும், நின்றால் ஏறும். ஒரே இடத்தில் பத்து அளவு எடுத்துச் சராசரி போடுங்கள். நேரம், மேகம், காற்று, மண்ணின் ஈரம் நாலையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இவை இல்லாத எண்ணை அடுத்த வருட எண்ணோடு ஒப்பிட முடியாது.


மேட்டுக்காடு | மே 13, இரவு 7:40

எல்லோருக்கும் நன்றி. இன்று முழு மதியமும் இதற்கே செலவு. கன்னை வேப்பமரத்தடியில் முக்கால் மணி நேரம் வைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். வரப்போரம் ஐயா சொன்ன கம்பி தெர்மாமீட்டரும் பக்கத்துக் காட்டுக்காரரிடம் கடன் வாங்கினேன்.

மதியம் 2 மணி, மேகம் இல்லை, லேசான காற்று. வெறுந்தரையின் மேல்தோல் பத்து அளவுச் சராசரி 57. வைக்கோலின் மேல் 59. வைக்கோலை விலக்கிய உடனே அடி மண் 35. கம்பியை ஐந்து சென்டிமீட்டர் இறக்கினால் வெறுந்தரையில் 43, மூடாக்குக்குக் கீழே 33. பத்து டிகிரி வித்தியாசம்! கன்றுகள் ஏன் வாடாமல் நிற்கின்றன என்று இப்போது தெரிகிறது. மூடாக்கைப் பிரிக்க மாட்டேன், ஐயா கவலைப்பட வேண்டாம். இன்னும் நாலு விரற்கடை கூட்டிப் போடப் போகிறேன்.

இனித் தகரம். வரப்பின் மேல் நின்று கூரையின் மேல்பக்கத்தை அளந்தேன், 20. வானத்தை அளந்தேன், மைனஸ் 3. டேப் ஒட்டிய இடம் 63. கொட்டகைக்குள் போய் அதே தகரத்தை அடியிலிருந்து அளந்தேன். டேப் இல்லாமலே 61 காட்டியது! காகித கனத் தகரம், மேலே 20, கீழே 61. இது எப்படி என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.


கருவிக்கூடம் | மே 13, இரவு 8:05

கொட்டகையில் கொசுவுக்கு மூட்டம் போடுவீர்களா?


மேட்டுக்காடு | மே 13, இரவு 8:09

தினமும் சாயங்காலம் போடுவேன். வேப்பந்தழையும் வறட்டியும்.


கருவிக்கூடம் | மே 13, இரவு 8:20

அதுதான் விடை. கூரையின் அடி முழுக்கக் கரி படிந்திருக்கும். கரியின் எமிசிவிட்டி 0.95க்குப் பக்கம். அதனால் அடிப்பக்கத்தில் உங்கள் கன் சரியாகவே அளந்தது, மேல்பக்கத்தில் வானத்தை அளந்தது. தகரம் இரண்டு பக்கமும் ஒரே சூடுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். பளபளப்பாக இருந்த வரை அந்தத் தகரத்தின் அடிப்பக்கம் கீழே கதிரைக் குறைவாகத்தான் விட்டிருக்கும். கரி படிந்த பிறகு 61 டிகிரிக்கு உரிய கதிரை ஏறக்குறைய முழுசாகக் கீழே விடுகிறது. மாட்டின் முதுகு அதற்கு நேர் கீழே இருக்கிறது. காற்று 39 என்றாலும் மாடு அனுபவிப்பது அதைவிடக் கூடுதல்.


மேட்டுக்காடு | மே 13, இரவு 8:31

இதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. பத்து நாளாக மதியத்தில் மாடு கொட்டகைக்குள் நிற்காமல் கயிற்றை இழுத்துக்கொண்டு புளியமரத்துப் பக்கமே போகப் பார்க்கிறது. முரண்டு பிடிக்கிறது என்று நினைத்து இழுத்து வந்து கட்டிக்கொண்டிருந்தேன்.


மொட்டைமாடி | மே 13, இரவு 8:44

அண்ணா, தகரத்தின் மேல் தென்னங்கீற்று போட்டுவிடுங்கள். உங்கள் முருங்கைக்கு வைக்கோல் செய்யும் அதே வேலையைக் கூரைக்குக் கீற்று செய்யும். கீற்றின் மேல் 60 காட்டினாலும் பயப்படாதீர்கள், அடியைத்தான் அளக்க வேண்டும். கொஞ்சம் தூக்கிக் கட்டி இடையில் காற்று போக விட்டால் இன்னும் நல்லது.


வரப்போரம் | மே 13, இரவு 9:10

கீற்று போடும்வரை மதியத்தில் புளியமரத்தடியிலேயே கட்டுங்கள் தம்பி. தண்ணீர்த் தொட்டியையும் அங்கேயே நகர்த்துங்கள்.


மேட்டுக்காடு | மே 17, மாலை 6:15

நேற்று இரண்டு ஆள் வைத்துக் கீற்று வேய்ந்தாயிற்று. ஒரு சாண் இடைவெளி விட்டுச் சவுக்குக் கழி மேல் கட்டினோம். இன்று மதியம் 2 மணி, மேகம் இல்லை, காற்று இல்லை, வெளியே காற்றின் சூடு 39. கீற்றின் மேல் 58. தகரத்தின் அடி 42.

2:20க்கு மாட்டை அவிழ்த்துவிட்டேன். புளியமரம் வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, தானாகக் கொட்டகைக்குள் வந்து படுத்துக்கொண்டது.